5 நாள் விடுமுறை, 7,000 ரூபாய், இரவு உறக்கம் சொந்த வீட்டில்: திருச்சியைச் சுற்றி எங்கே போகலாம்?

கேள்வி: திருவெறும்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருவெறும்பூரில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், 68 வயதான என் அம்மா என வீட்டில் ஐந்து பேர். அம்மா சமதரையில் தாராளமாக நடப்பார். முழங்கால் வலியால் படி ஏறுவதுதான் சிரமம். காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது எனக்கும் 5 நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. எங்களிடம் இருப்பது ஓர் இருசக்கர வாகனம் மட்டுமே. இந்த விடுமுறைக்கென்று ஒதுக்க முடிந்த தொகை 7,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்குவதில்லை என்று உறுதியாக இருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு மே மாதம் ஒரு மலைவாசத்தலத்துக்கு மூன்று நாள் போய் வந்தோம். அறை வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் ஆயிற்று. அதில் பாதியைக் கடன் அட்டையில் செலுத்திவிட்டுத் தீபாவளி வரை தவணை கட்டினேன். மலையேறும் சாலையில் வண்டிகளின் வரிசையில் நின்ற நேரமே அதிகம். ஊர் திரும்பிய பிறகு மகனிடம் எது மிகவும் பிடித்திருந்தது என்று கேட்டேன். வழியில் தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடியதைச் சொன்னான். அன்றே முடிவு செய்தேன், இனி அருகிலிருக்கும் இடங்களுக்குக் காலையில் புறப்பட்டுப் போய், இரவு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம் என்று.

இதை மனைவியிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "வெளியூர் போனால் எனக்கு மூன்று நாளாவது அடுப்படி இல்லை. உள்ளூரிலேயே இருந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் விடுமுறை, நான் வழக்கமான சமையலோடு கட்டுச்சோறும் கட்ட வேண்டும்" என்றார். அவர் சொல்வது நியாயம். எனவே இரண்டு விஷயங்களில் உங்கள் யோசனை வேண்டும். குழந்தைகளுக்கு நினைவில் நிற்கக்கூடிய, அம்மாவாலும் வர முடிந்த இடங்கள் எவை? வீட்டில் தங்கியபடியே வீட்டு வேலையிலிருந்து விடுபடுவது எப்படி?

பதில் 1: புதுக்கோட்டையிலிருந்து, வரலாற்று ஆசிரியர்

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர்கள் வருவார்கள். நான் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாளை எங்கும் தொலைவாகப் போகாமல் உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். திருவெறும்பூரில் இருப்பவர்களில் எத்தனை பேர் எறும்பீசுவரர் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று நிதானமாகக் காட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. தேவர்கள் எறும்பு உருவில் வந்து வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் சிறு குன்றின் மேல், சோழர் காலக் கற்கோயில் ஒன்று பேருந்துச் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி நின்றுகொண்டிருக்கிறது. மாலையில் பிள்ளைகளை மட்டும் மேலே அழைத்துச் சென்று வெயில் இறங்கும் வரை அங்கேயே இருங்கள்.

இரண்டாம் நாள் கல்லணை. உங்கள் ஊரிலிருந்தே அதற்கு நேர்ச்சாலை உண்டு. இல்லையென்றால் சத்திரம் பேருந்து நிலையம் போய் நகரப் பேருந்தில் செல்லலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், உங்கள் குடும்பத்தில் மூவருக்குப் பயணச் செலவே கிடையாது. உங்களுக்கு முழுச் சீட்டு, மகனுக்கு அரைச் சீட்டு, அவ்வளவுதான். காலாண்டு விடுமுறை வரும் பருவத்தில் டெல்டா பாசனத்துக்காகத் தண்ணீர் திறந்திருப்பார்கள் என்பதால் கல்லணையைப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. பாலத்தின் மேல் நின்றபடி காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்கையும் பிள்ளைகளே அடையாளம் காணட்டும். தண்ணீர் மதகைத் தாண்டி விழும்போது காலடியில் ஓர் அதிர்வு தெரியும். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே சொல்ல வேண்டிய கதையும் இருக்கிறது. கரிகாலன் காலத்தில் ஆற்று மணலுக்கு அடியில் பாறையைத் தேடி அடித்தளம் போடவில்லை. பெரும் பாறைகளை மணலின் மேல் போட்டார்கள். அவை அமிழ அமிழ மேலே அடுத்த பாறைகளை வைத்தார்கள். பாறைகளுக்கு நடுவே களிமண்ணைப் பூசினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த உத்தியை வியந்து கற்றுக்கொண்டார். அவர் மேலே முக்கொம்பில் 1836இல் தொடங்கிக் கட்டிய அணையையும் நேரம் இருந்தால் வேறொரு நாள் பாருங்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அங்கே கொள்ளிடம் பக்கத்து மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டுப் புதிய கதவணை கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அணை என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடும் பொருளன்று என்பது பிள்ளைகளுக்குப் புரியும். எந்த இடத்திலும் ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்பதை மட்டும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மேலே தெளிவாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் இழுப்பு எவ்வளவு என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஏழு பேர் அமரும் வாடகை வண்டி ஒன்றைப் பேசிக்கொண்டால், போக வர 130 கிலோமீட்டருக்குள் நார்த்தாமலை, சித்தன்னவாசல், புதுக்கோட்டை அருங்காட்சியகம் மூன்றையும் பார்த்துவிடலாம். பாறை மதியத்தில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆகவே காலை ஆறு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி, முதலில் நார்த்தாமலையின் மேலமலையில் ஏறிவிட வேண்டும். மேலே உள்ள விசயாலய சோழீசுவரத்தின் கருவறை வெளியே சதுரமாகவும் உள்ளே வட்டமாகவும் அமைந்தது. கோயில் மேற்கு நோக்கியது. அதன் எதிரில், பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயிலில் ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் உங்கள் மகன் எண்ணாமல் விடமாட்டான்.

சித்தன்னவாசலில் இரண்டு இடங்கள். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குச் சில படிகள்தான். விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. முதல் பார்வைக்கு வெறும் மங்கலான பச்சையாகத் தோன்றும். ஐந்து நிமிடம் அண்ணாந்தபடி நின்றால் மீன் தெரியும், பிறகு வாத்து, பிறகு யானை, பிறகு பூப்பறிக்கும் மனிதர். என் மாணவர்களை அழைத்துச் செல்லும்போது யாரும் எதையும் சுட்டிக்காட்டக்கூடாது என்று சொல்லிவிடுவேன்; அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். குன்றின் மறுபக்கத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்திலான கல்வெட்டும் உள்ளன. அந்த ஏற்றம் அம்மாவுக்கு வேண்டாம். இங்கே மத்தியத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் குறைவுதான். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மதிய வெயிலுக்குத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் பொருத்தமான நிழல். 1910இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் அது. வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்பதால் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பதில் 2: ஸ்ரீரங்கத்திலிருந்து

உங்கள் மனைவி கேட்டது எங்கள் வீட்டில் நான் கேட்ட அதே கேள்வி. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் இப்படித்தான் உள்ளூர் விடுமுறை எடுக்கிறோம். முதல் ஆண்டு தோற்றுப்போனோம். இரண்டாம் ஆண்டு ஒருவாறு சரியாயிற்று. முதல் ஆண்டு எங்கே தவறினோம் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் மூன்று நாள் திட்டம். முதல் நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வதக்கி, எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்து, காலைக்கு இட்லி ஊற்றி, பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். இரவு திரும்பி வந்தபோது எண்ணெய்ப் பிசுக்கோடு அத்தனை டப்பாக்களும் தொட்டியில் கிடந்தன. "ராத்திரிக்கு என்னம்மா" என்று பையன் கேட்டான். இரண்டாம் நாள் எங்கும் போகவில்லை. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. விடுமுறை என்றால் பார்க்கப்போகும் இடங்களின் பட்டியல் என்று எல்லோரும், நானும் சேர்த்துத்தான், நினைத்துவிட்டோம். வீட்டுக்குள் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியலை முதலில் போடவில்லை.

அடுத்த ஆண்டு செய்தது இது. விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து வைத்தோம். ஐந்து நாளும் காலைச் சிற்றுண்டி வெளியே. காலையில் மெஸ்ஸில் இட்லி பொங்கல் சாப்பிட ஐந்து பேருக்குச் சுமார் 300 ரூபாய் ஆகிறது. உங்கள் 7,000இல் இந்த ஒரு செலவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சுற்றிப்பார்க்கும் இடத்தில் ஒன்றை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். மதியத்துக்குக் காய்ச்சல் போட்டுப் பிசைந்த சோறு ஒரு டப்பா, தயிர்சாதம் ஒரு டப்பா, ஊறுகாய். சோறு வடிப்பது என் கணவர் பொறுப்பு. இரவு உப்புமாவோ கோதுமை தோசையோ, அதுவும் அவரும் பெண்ணும்தான். பாத்திரத்தை அவரவர் கழுவிவிட வேண்டும். ஐந்து நாள் நான் அடுப்பருகில் போகவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், என் காப்பியை நானேதான் போட்டுக்கொண்டேன், ஆனால் யாருக்காகவும் நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. காலாண்டு விடுமுறையை ஒட்டித்தான் நவராத்திரியும் ஆயுதபூஜையும் வருகின்றன. பரண் சுத்தம் செய்வது, ஜன்னல் துடைப்பது, திரைச்சீலை துவைப்பது எல்லாம் "லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த ஐந்து நாளின் தலையில்தான் விழும். அவற்றை முந்தைய வாரமே முடித்துவிடுங்கள், அல்லது பிந்தைய வாரத்துக்குத் தள்ளுங்கள். அடுத்தது, உறவினர்கள். ஊரில்தான் இருக்கிறோம் என்று தெரிந்தால் வங்கிக்குத் துணைக்கு வா, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் கொடு என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அவர்கள்மேல் தவறில்லை. இந்த ஐந்து நாள் நாங்கள் விடுமுறையில் இருக்கிறோம், அவசரம் என்றால் மட்டும் அழையுங்கள் என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கும் அதே வார்த்தைதான்.

எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் ஒரு மாலை நேரம் போதும். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே சன்னிதி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அம்மாவோடு உத்தர வீதி, சித்திரை வீதிகளில் மெதுவாக நடந்து பாருங்கள். எல்லாம் சமதரை, நவராத்திரியில் வாசல் திறந்திருக்கும் வீடுகளில் கொலு தெரியும், பெரியவர்களும் பெண் குழந்தையும் வந்தால் உள்ளே அழைத்துச் சுண்டல் கொடுப்பார்கள். பகல் நேரத்துக்கு மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை ஒன்பது மணி வாக்கில் போனால்தான் பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும். மதியத்தில் இலைக்கடியில் ஒதுங்கிவிடும்.

பதில் 3: பெரம்பலூரிலிருந்து

பிள்ளைகளின் வயதைப் பார்த்ததும் சாத்தனூர் கல்மரப் பூங்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்தப் பகுதி வரை இருந்தது. அப்போது கரையோரத்தில் நின்ற மரம் ஒன்று அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை அறிவுலகுக்கு வெளிப்படுத்தினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. பார்ப்பதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது, பெரிய பூங்கா என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஆனால் பேருந்து வசதி குறைவு. இருசக்கர வாகனத்தில் மகளை மட்டும் ஒரு நாள் அழைத்து வாருங்கள், வீட்டில் மற்றவர்கள் ஓய்வெடுக்கட்டும். ஐந்து நாளும் ஐந்து பேரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்ரீரங்கத்து அம்மையார் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நாலு மணிப் புளியோதரை வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கி இன்னொரு முறை தானே வாசித்தார். பிறகு நாங்கள் இருவரும் அமர்ந்து முதலில் வேலைப் பட்டியலைப் போட்டோம். சோறு வடிப்பதும் இரவுச் சமையலும் என்னுடையவை. மகளுக்குத் தோசை வார்க்கத் தெரியும். எனக்கு உப்புமா வரும் வரை அவள் துணை நிற்பாள். மகனுக்குத் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பும் பொறுப்பு.

பிறகு கணக்குப் போட்டோம். வாடகை வண்டிக்கு ஓட்டுநர் படியோடு 3,600 ரூபாய் என்று பேசியிருக்கிறேன். ஐந்து நாள் காலைச் சிற்றுண்டிக்கு 1,500. நான்காம் நாளைத் தஞ்சாவூருக்கு வைத்திருக்கிறோம். எங்கள் திருவெறும்பூர் நிலையத்திலேயே பாசஞ்சர் ரயில் ஏறிக்கொள்ளலாம் என்பது இத்தனை நாள் மனத்தில் படவே இல்லை. ரயில் சீட்டு, அரண்மனைக் கலைக்கூடக் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து அன்றைக்கு 1,100. கல்லணைக்கு 300 போதும். அங்கே வறுத்த மீன் வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆக 6,500. மீதி 500ஐத் தொடாமல் வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் பகல் முழுவதும் வீட்டில் ஓய்வு, மாலையில் ஸ்ரீரங்கம். சாத்தனூரை அரையாண்டு விடுமுறையில் நானும் மகளும் மட்டும் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

ஆசிரியர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். நார்த்தாமலையில் நாங்கள் ஏறி இறங்கும் வரை அம்மா எங்கே இருப்பார்? தஞ்சாவூரில் எதை முதலில் பார்ப்பது நல்லது?

பதில் 4: புதுக்கோட்டை ஆசிரியர்

நார்த்தாமலை ஊருக்குள் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது; இந்தப் பகுதி மக்கள் பெரிதும் நம்பி வரும் கோயில். அம்மாவை அங்கே தரிசனம் செய்யவிட்டு மண்டபத்து நிழலில் அமர வையுங்கள். உங்கள் மனைவிக்கு ஏற விருப்பமில்லை என்றால் அவரும் அங்கே இருக்கலாம். ஏற விருப்பம் என்றால் நீங்கள் அம்மாவோடு இருந்துவிட்டு அவரைப் பிள்ளைகளோடு அனுப்புங்கள். மேலே கடை எதுவும் கிடையாது, ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர் கட்டாயம். வழுக்கும் செருப்பு வேண்டாம்.

தஞ்சாவூரில் மதியம் பெரிய கோயிலின் நடை சாத்திவிடுவார்கள். வெறும் காலில் கல்தரையில் நடப்பதும் அந்த வேளையில் முடியாது. ஆகவே முற்பகலில் ரயில் இறங்கியதும் அரண்மனை, அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ள கலைக்கூடம், பிறகு சாப்பாடு, சற்று ஓய்வு. கோயிலுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். சுற்றுப் பிரகாரம் எல்லாம் சமதரை, அம்மாவுக்குச் சிரமம் இராது; சன்னிதிக்குப் போக மட்டும் படி ஏற வேண்டும். 1010இல் இராசராசன் எழுப்பிய 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பிள்ளைகள் பள்ளியிலோ பேருந்திலோ கேள்விப்பட்டிருப்பார்கள். அதை நீங்கள் மறுத்துச் சொல்ல வேண்டாம். நாலரை, ஐந்து மணிக்கு நந்தி மண்டபத்துப் பக்கம் கூட்டிப் போய், அங்கே நீண்டு கிடக்கும் நிழல் எதனுடையது என்று மட்டும் கேளுங்கள். மகளை அந்த நிழலின் ஓரமாகவே நடந்து முனை எங்கே முடிகிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு பாசஞ்சரைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரும், அன்றைக்கு இரவு உப்புமாவும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.